நூலகத்தில் கச்சேரி: வழக்கமாக வரும் சந்தேகங்களும் பதில்களும்

பெங்களூர் அல்சூர் பக்கம் இருக்கும் எங்கள் வாசகர் நூலகத்தில், மார்ச், ஏப்ரல், மே தவிர ஒவ்வொரு மாதமும் மூன்றாவது ஞாயிறு மாலை கச்சேரி நடக்கிறது. புத்தகம் மாற்ற வருகிறவர்கள், ஃபோனில் விசாரிக்கிறவர்கள், கச்சேரி முடிந்து செருப்பு மாட்டும்போது பிடித்துக்கொள்கிறவர்கள் என்று எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன். நேரம், இடம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம். உரிமம், சட்டம் சம்பந்தப்பட்டவை பின்னால் வருகின்றன.

லைப்ரரில கச்சேரியா? சத்தம் போடக் கூடாதுன்னு நீங்கதானே போர்டு மாட்டியிருக்கீங்க?

போர்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு நேரம் 5 மணியோடு முடியும். அப்புறம் மேசைகளைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்து, 5:45க்குக் கச்சேரி ஆரம்பிக்கும். 8 மணிக்குள் விளக்கை அணைத்துவிடுவோம்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. பசவனகுடியில் 1945இல் தொடங்கிய இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் வேர்ல்ட் கல்ச்சரில் நூலகமும் உண்டு, கச்சேரியும் உண்டு. வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸில், எலிசபெத் ஸ்ப்ரேக் கூலிட்ஜ் என்ற அம்மையார் கொடுத்த பணத்தில் 1925இலேயே கச்சேரிக்கென்று ஓர் அரங்கம் கட்டினார்கள். பத்து வருஷம் கழித்து கெர்ட்ரூட் விட்டால் என்ற இன்னொரு அம்மையார், ஸ்ட்ராடிவாரி என்ற புகழ்பெற்ற இத்தாலியக் கைவினைஞர் செய்த வயலின்களை அந்த நூலகத்துக்குக் கொடுத்தார். பூட்டி வைப்பதற்கு இல்லை, வாசிப்பதற்கு. எங்களிடம் ஸ்ட்ராடிவாரி கிடையாது. ஒரு சுருதிப்பெட்டி இருக்கிறது.

டிக்கெட் எவ்வளவு? மெம்பரா இருந்தாத்தான் விடுவீங்களா?

டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், உறுப்பினர் அட்டை கேட்க மாட்டோம். கட்டணம் வைக்காததற்குச் சட்டம் சார்ந்த ஒரு காரணமும் இருக்கிறது, அது பின்னால் வருகிறது.

எத்தனை மணிக்கு வந்தா இடம் கிடைக்கும்? கார் நிறுத்த இடம் இருக்கா?

சுமார் அறுபது பேருக்கு இடம். 5:30க்கு வந்தால் உட்காரலாம். நாற்காலிகள் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, மற்றவர்களுக்குப் பாய். துண்டு போட்டு இடம் பிடித்தால் எடுத்து மடித்து வைத்துவிடுவோம்.

கார் நிறுத்த இடமில்லை. பர்ப்பிள் லைனில் ஹலசூரு ஸ்டேஷனில் இறங்கி நடந்து வாருங்கள்.

சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டு வரலாமா? நடுவுல அழுதா?

தாராளமாக. சிறுவர் பகுதி கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் குழந்தை சிணுங்கும்போது யாரையும் தாண்டாமல் வெளியே போகலாம். பிள்ளை படப் புத்தகம் புரட்டிக்கொண்டே கேட்டால் போதும். தாளம் போடச் சொல்லி அதட்டுகிற பெற்றோர்தான் பிள்ளைகளைவிட அதிகமாகத் தொந்தரவு தருகிறார்கள்.

மைக் ஏன் வைக்கறதில்ல? பின்னாடி உட்கார்ந்தா கேக்குமா?

கேட்கும். கடைசி வரிசைகூடப் பாடகரிடமிருந்து பத்து மீட்டர் தூரம் இல்லை. சின்ன அறையில் மைக் வைத்தால் என்ன ஆகும் என்பது கச்சேரி கேட்பவர்களுக்குத் தெரியும். முதலில் குரலுக்கு ஒன்று, பிறகு வயலினுக்கு, பிறகு மிருதங்கத்துக்கு. அப்புறம் பாடகர் தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்பார், மிருதங்கக்காரரும் அதையே சொல்வார். எட்டு மணிக்குக் காது ரீங்கரிக்கும். மைக் வருவதற்கு முன்னால் ஆண் பாடகர்களும் உயர்ந்த கட்டையில் (சுருதியில்) பாடித்தான் கூட்டத்தின் கடைசி வரை எட்ட வேண்டியிருந்தது. இந்த அறைக்கு அந்தப் பாடுகூடத் தேவையில்லை, ஒரு கட்டை என்கிற தாழ்ந்த சுருதியில் நிதானமாகப் பாடினாலே போதும்.

புத்தக அலமாரிகள் பெரிய உதவி. வெறும் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருக்கும் அறையில் கை தட்டிப் பாருங்கள், ஓசை முட்டி மோதித் திரும்பி வரும். உயரமும் தடிமனும் மாறி மாறி நிற்கும் புத்தகங்கள் அந்த ஓசையில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், மீதியைப் பல திசையில் சிதறடிக்கும். அதனால் சாகித்தியத்தின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தெளிவாகக் கேட்கின்றன. ஆனால் பாடகருக்கு அறை கொஞ்சம் வறட்சியாகத் தெரியும், கார்வை (நீட்டி நிறுத்தும் சுரம்) நின்று ஒலிக்காது. அதற்காகப் பாடகரை வெற்றுச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்து, அலமாரிகள் கேட்பவர்களின் முதுகுப் பக்கம் வருமாறு பாயைப் போடுகிறோம்.

வீணைக்கு மட்டும் ஏற்பாடு மாறும். அதன் ஓசை மெல்லியது. அன்று வரிசையாக உட்காராமல் வீணையைச் சுற்றி அரைவட்டமாக உட்காருவோம், மின்விசிறியையும் நிறுத்திவிடுவோம். வியர்க்கும், சரிதான்.

நாதஸ்வரம் வைக்கலாமே? தமிழ் லைப்ரரின்னு சொல்றீங்க!

வைத்திருக்கிறோம், வெளி முற்றத்தில். நாதஸ்வரமும் தவிலும் கோயில் பிரகாரத்துக்கும் நான்கு வீதிக்கும் கேட்பதற்காகவே உருவான வாத்தியங்கள். மூடிய அறையில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து தவில் கேட்டால் ரசிப்பதற்குப் பதிலாகக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். பறைக்கும் இதே ஏற்பாடு. முற்றத்துக் கச்சேரி மாலை 4:30க்கு ஆரம்பித்து, இருட்டுவதற்குள் முடியும். அன்றைக்கு வாசிப்பு அறையை முன்கூட்டியே மூடிவிடுவோம்.

கர்நாடக சங்கீதம் மட்டும்தானா? சினிமாப் பாட்டு பாடினா கூட்டம் அள்ளுமே?

அள்ளும்தான். அறுபது பேர் உட்காரும் இடத்துக்கு அள்ளுகிற கூட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தேவாரப் பண்ணிசை, திருப்புகழ், காவடிச்சிந்து, நாட்டுப்புறப் பாட்டு, வில்லுப்பாட்டு, கிட்டார் வைத்துக்கொண்டு சொந்தமாக எழுதிப் பாடுகிற இளைஞர்கள் என்று எல்லாம் நடந்திருக்கிறது. எந்த வகை என்று பார்ப்பதில்லை. பாடுகிறவர் பாட்டின் சொல்லைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தயாராக இருக்கிறாரா என்று மட்டும் பார்ப்போம். கரோக்கி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு இந்த நகரத்தில் வேறு இடம் நிறைய இருக்கிறது.

பெங்களூர்ல இருந்துகிட்டு தமிழ்ப் பாட்டு மட்டும் பாடினா அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி நினைக்க மாட்டாங்களா?

தமிழ் மட்டும் பாடச் சொல்லி யாரையும் நிர்ப்பந்திப்பதில்லை. பெரும்பாலான கச்சேரிகளில் கன்னடத்தில் புரந்தரதாசர் பாடிய ஒரு தேவர்நாமா (பக்திப் பாட்டு) இருக்கும். நாங்கள் சொல்லி அல்ல, பாடகர்களே வைத்துக்கொள்கிறார்கள். கர்நாடக சங்கீதம் படிக்கிற எந்தத் தமிழ்ப் பிள்ளையும் ஆரம்பத்தில் பாடும் மாயாமாளவகௌள ராகச் சரளி வரிசையும் மலஹரி ராக கீதங்களும் புரந்தரதாசர் வகுத்ததாகத்தான் சொல்லப்படுகிறது. கூட்டத்தில் கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். பாட்டின் பொருளைத் தமிழில் சொன்னபிறகு ஒரு வரி கன்னடத்திலும் சொல்கிறோம்.

அதெல்லாம் சரி, புத்தகத்துக்கும் கச்சேரிக்கும் என்ன சம்பந்தம்? சபாவுல போய் கேட்டுக்கலாமே?

பாட்டுக் கேட்பதற்கு மட்டும் என்றால் சபாவே மேல். கே.ஆர். ரோட்டில் 1905இல் தொடங்கிய பெங்களூர் காயன சமாஜம் இருக்கிறது, மல்லேஸ்வரத்தில் வயலின் வடிவத்தில் கட்டிய சௌடய்யா நினைவு மண்டபம் இருக்கிறது. அவற்றோடு போட்டி போட எங்களால் முடியாது, ஆசையும் இல்லை.

இங்கே நடப்பது வேறு. கச்சேரிக்குப் பத்து நாள் முன்னால் பாடகரிடம் பாட்டுப் பட்டியல் வாங்கிவிடுவோம். ஒவ்வொரு பாட்டோடும் தொடர்புள்ள புத்தகங்களைத் தேடி எடுத்து வாசலில் ஒரு மேசையில் அடுக்குவோம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கீர்த்தனைகள் பாடிய மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒரு பக்கம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, பக்கத்தில் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் (நந்தனார்தான்) வரும் பகுதி. இரண்டையும் புரட்டிப் பார்த்தவர்கள் நேராக என்னிடம் வந்து கேட்டது, “அந்தக் கொடுமைக்கார வேதியர் சேக்கிழார்கிட்ட எங்கே?” என்று. சேக்கிழாரிடம் அவர் இல்லவே இல்லை. சிதம்பரம் போக விடாமல் நந்தனைத் தடுக்கும் பண்ணையாரைச் சேர்த்தது 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி. எத்தனையோ மேடையில் கேட்ட கதைதான், புத்தகம் கையில் இருந்ததால் அந்தக் கேள்வி வந்தது.

அதே மேசையில் உ.வே.சா. எழுதியதையும் வைத்திருந்தோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்தக் கீர்த்தனைகளில் இலக்கணப் பிழை இருக்கிறது என்று சிறப்புப்பாயிரம் (நூலின் முன்னால் வரும் பாராட்டுச் செய்யுள்) தராமல் இழுத்தடித்தார், பிறகு பாரதியே பாடுவதைக் கேட்டு மனம் இளகி எழுதிக் கொடுத்தார் என்ற கதை அதில் வருகிறது. ஏட்டில் ஒரு மாதிரி தெரிவது காதில் வேறு மாதிரி விழும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்று 1931இல் எழுதிய நூலக அறிவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் 1972இல் காலமானதும் இதே பெங்களூரில்தான். பிறந்தது சீர்காழியில், தமிழ் மூவர் என்று சொல்லப்படும் முத்துத் தாண்டவர், அருணாசலக் கவி, மாரிமுத்தாப் பிள்ளை மூவரில் முதல் இருவர் பேரோடும் ஒட்டிக்கொண்ட ஊர். எங்கள் அலமாரியில் இசைப் பகுதி வருஷக்கணக்காகத் தூசி படிந்து கிடந்தது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் விபுலாநந்தரின் யாழ் நூலும் இப்போது முன்பதிவு செய்துதான் கிடைக்கின்றன.

நானும் பாடலாமா? என் பொண்ணு ஆறு வருஷமா கத்துக்கறா.

கேளுங்கள், ஆனால் வீடியோ அனுப்ப வேண்டாம். ஒரு சனிக்கிழமை நூலகம் மூடிய பிறகு வந்து, இந்த அறையில், மைக் இல்லாமல் இரண்டு பாட்டுப் பாடிக் காட்டச் சொல்வோம். எடுத்த பாட்டை யார் எழுதியது, என்ன சொல்கிறது என்று கேட்போம். பெரிய வித்வத்தை எதிர்பார்க்கவில்லை. ‘டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க’ என்பதற்கு மேல் ஏதாவது வந்தால் போதும்.

அரங்கேற்றம் மட்டும் இங்கே வைக்க முடியாது. பூமாலை, பொன்னாடை, முக்கியப் பிரமுகர், இருநூறு விருந்தாளி என்று அது கல்யாணம் மாதிரி ஆகிவிடுகிறது.

பாடறவங்களுக்குப் பணம் குடுப்பீங்களா? பக்கவாத்தியத்துக்கு?

கொடுக்கிறோம். போக்குவரத்துச் செலவும் ஒரு சிறு சன்மானமும். முக்கியமான விஷயம், பாடகருக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஒரே தொகை. இதற்குச் சிலர் முகம் சுளித்தார்கள். மாற்றவில்லை.

மிருதங்கம் வாசிக்கறேன். லைப்ரரில வாசிக்கும்போது ஏதாவது தனியா கவனிக்கணுமா?

ரவை. தொப்பியில் (மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில்) ரவையைக் குழைத்து அப்பும் வேலையைத் தயவுசெய்து முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் சுரண்டி எடுப்பதையும் அங்கேயே செய்யுங்கள். உதிர்ந்த மாவுக்கு எறும்பும் கரப்பானும் வரும், அதைத் தொடர்ந்து பைண்டிங் பசையைத் தின்னும் வெள்ளிப்பூச்சியும் வரும். பழைய புத்தகங்களுக்கு அது பெரிய ஆபத்து. தண்ணீர்ச் செம்பு அலமாரிப் பக்கம் வேண்டாம், காப்பியும் வெளியில்தான்.

வாசிப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஒன்று. மைக் இல்லாத இடத்தில் வலந்தலைச் சாப்பு (வலது பக்கத் தோலில் விழும் ஓங்கிய அடி) குரலைச் சுலபமாக மூடிவிடும். கஞ்சிரா, கடம் இரண்டும் சேர்ந்தால் இன்னும் அதிகம், அதனால் ஒரு கச்சேரிக்கு ஒரு தாள வாத்தியம் மட்டும். முக்கால் மணி நேரம் முன்னால் வந்தால் சுருதி சேர்க்க அவகாசம் இருக்கும். மழைக்காலத்தில் கட்டாயம் சீக்கிரம் வாருங்கள், ஈரத்துக்குத் தோல் தளரும்.

ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல போடலாமா? இலவசக் கச்சேரிதானே?

கூடாது. கேட்பதற்குக் காசு வாங்கவில்லை என்பதால் பதிவு செய்யும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 1957 காப்புரிமைச் சட்டத்தின்படி, மேடையில் பாடுகிற, வாசிக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் நிகழ்த்துதல்மீது தனி உரிமை உண்டு. பாட்டு முந்நூறு வருஷம் பழையதாக இருந்தாலும் இன்று பாடிய பாட்டு இன்று பாடியவருடையது. வயலின்காரரும் மிருதங்கக்காரரும் இதில் சேர்த்தி. பாடகர் மட்டும் தலையாட்டினால் போதாது.

நூலகக் காப்பகத்துக்காக நாங்கள் ஒலிப்பதிவு செய்வது உண்டு. அதற்கு மூவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குகிறோம், இங்கே உட்கார்ந்து கேட்க மட்டும் அது கிடைக்கும். நினைவுக்கு ஒரு ஃபோட்டோ வேண்டுமென்றால் மங்களம் முடிந்ததும் எடுங்கள்.

எல்லாமே பழைய பாட்டுதானே, காப்பிரைட் பிரச்சினை எங்கேர்ந்து வருது?

எல்லாமே பழையது இல்லை. இந்தியாவில் பாட்டெழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம் காப்புரிமை நீடிக்கும். 1847இல் மறைந்த தியாகராஜர், 1921இல் மறைந்த பாரதியார் ஆகியோரின் பாட்டுகளுக்குத் தடையில்லை. ஆனால் பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார், அவர் பாடல்கள் 2033 முடியும் வரை பாதுகாப்பில் இருக்கும். பெரியசாமித் தூரன் 1987இல் மறைந்தவர், கணக்கு 2047 வரை போகும். கச்சேரிகளில் இவர்கள் பாட்டை ‘பழைய கீர்த்தனை’ என்று நினைத்தே பலர் பாடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் மெட்டு. பாரதியார் பாட்டின் சொற்கள் எல்லாருக்கும் பொது. அதற்குப் பின்னாளில் ஓர் இசையமைப்பாளர் போட்ட சினிமா மெட்டு பொது ஆகாது. அவருக்கோ உரிமை வாங்கியவருக்கோ சொந்தம். அதனால் பட்டியல் வாங்கும்போது பாட்டின் முதல் வரியோடு ராகத்தையும், மெட்டு யாருடையது என்பதையும் கேட்கிறோம்.

இலவசமா நடத்தினா லைசென்ஸே வேண்டாம்னு ஒருத்தர் சொன்னாரே?

பாதி சரி. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவில், அமெச்சூர் குழுவோ சங்கமோ கட்டணம் வாங்காத பார்வையாளர்களுக்கு நிகழ்த்தினால் அது உரிமை மீறல் ஆகாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. டிக்கெட் வைக்காததற்கு ஒரு காரணம் என்று முன்னால் சொன்னது இதைத்தான். எங்கள் உறுப்பினர்களே சேர்ந்து பாடும் மாலைகளுக்கு இது பொருந்தும் என்று வைத்துக்கொள்கிறோம்.

ஆனால் சன்மானம் கொடுத்துத் தொழில்முறைப் பாடகரை அழைத்தால் அதை அமெச்சூர் குழு என்று சொல்லிச் சமாளிப்பது கஷ்டம். அந்த மாலைகளில் இரண்டு வழிதான். பாதுகாப்பில் உள்ள பாட்டுகளைத் தவிர்க்கலாம், அல்லது உரிமையாளரிடம் கேட்டு வாங்கலாம். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமம் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு 1969 முதல் இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. பெரிய அளவில் நடத்தப் போகிறீர்கள் என்றால் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போ வாசல்ல இருக்கற உண்டியல்? அது டிக்கெட் இல்லாம வேற என்ன?

இதைக் கேட்டவர் ஆடிட்டர், எதிர்பார்த்ததுதான். உண்டியல் கச்சேரி அறையில் இல்லை, புத்தகம் வழங்கும் கவுண்டரில் இருக்கிறது, வருஷம் முழுக்க இருக்கிறது. அதில் விழுவது புத்தகம் வாங்குவதற்கு மட்டும் போகும். கச்சேரி நடுவில் தட்டு ஏந்துவதில்லை, போடச் சொல்லி அறிவிப்பதும் இல்லை. சன்மானம் உறுப்பினர் சந்தாவிலிருந்து தனிக் கணக்கில் போகிறது. நகைக்கடை விளம்பரத் தட்டியோடு ஸ்பான்சர் தர முன்வந்தவர்களுக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டோம்.

போலீஸ் பர்மிஷன் வாங்கணுமா? பக்கத்து வீட்டுல புகார் குடுத்தா?

அறைக்குள் ஒலிபெருக்கி இல்லாமல் நடப்பதற்கு நாங்கள் அனுமதி வாங்குவதில்லை. முற்றத்தில் ஒலிபெருக்கி வைத்தால் கட்டாயம் வாங்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. அந்த நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி மட்டும் அல்ல, இசைக்கருவியும் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இருக்கும் இடத்தைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அப்படி அறிவித்த இடத்தில் பகலிலேயே 50தான்.

விதி ஒரு பக்கம். நாதஸ்வரம் வைக்கும் வாரம் நாலு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, அழைத்துவிட்டும் வருகிறோம். ஒருமுறை புகார் சொன்ன பெரியவர் இப்போது முதல் வரிசை நாற்காலிக்காரர்.

நாங்க எக்ஸாமுக்குப் படிக்கறோம் சார். எங்களுக்கு இருக்கறதே ஞாயிற்றுக்கிழமை ஒண்ணுதான். பாட்டுக்காக எங்களை எழுப்பி விடறது நியாயமா?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் முழுப் பதில் இல்லை. கே.பி.எஸ்.சி., யூ.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு என்று படிக்கிற பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தனி அறை கிடையாது. வாரநாளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் பெரிய இழப்பு. நூலகம் முதலில் அவர்களுக்கு, அதன் பிறகுதான் கச்சேரிக்கு. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை; குழுவில் எல்லாரும் ஒத்துக்கொள்வதாகச் சொல்ல முடியாது.

செய்திருப்பது இவ்வளவு. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் கச்சேரி இல்லை. மற்ற மாதங்களில் கச்சேரி நாளன்று காலை வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகத் திறக்கிறோம். மாடியில் இருக்கும் பழைய இதழ்கள் அறையைக் காலி செய்து பன்னிரண்டு மேசை போட்டிருக்கிறோம். பாட்டு அங்கே லேசாகக் கேட்கும். சிலர் பொறுத்துக்கொண்டு படிக்கிறார்கள், சிலர் கோபமாகப் பையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டும் வேலை பாக்கி இருக்கிறது.

எங்க ஏரியாவுலயும் ஒரு சின்ன லைப்ரரி இருக்கு. ஆரம்பிக்கணும்னா முதல்ல என்ன செய்யணும்?

முதலில் ஒரு குரல், ஒரு சுருதிப்பெட்டி, ஒன்றேகால் மணி நேரம். பக்கவாத்தியம் மூன்றாவது மாதத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒரு நாள் நூலகம் மூடிய பிறகு யாரையாவது அறையின் ஒவ்வொரு மூலையிலும் நிறுத்தி, ஒருவரைச் சாதாரணக் குரலில் பாடச் சொல்லிக் கேளுங்கள்; எங்கே பாயைப் போடுவது என்று தெரிந்துவிடும். தேதியை முடிவு செய்வதற்கு முன் அங்கே தினமும் வந்து படிப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புத்தக மேசைக்குப் பொறுப்பாக ஓர் ஆளை நியமித்துவிட்டு அப்புறம் பாடகரைத் தேடுங்கள். பாடகர் கிடைப்பது சுலபம். பத்து நாள் முன்னால் பட்டியலை வாங்கிப் புத்தகம் தேட உட்காருகிற ஆள்தான் கிடைப்பதில்லை.